மேஸ்திரி கேட்ட அரை நாள்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, என் தறிக்கூடத்தில் மேஸ்திரி சென்றாயன் அவர்கள் இறந்துபோனார். ரத்தக் கொதிப்பு முற்றி மூளையில் குழாய் வெடித்துவிட்டது. வயது நாற்பத்தெட்டு. இதைச் சொன்ன பிறகுதான் மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களுக்கும், சென்றாயன் மனைவி சௌந்திரம் அம்மாவுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் குமாரபாளையத்துத் தொழிலாளர்களுக்கும் என்னால் வணக்கம் சொல்ல முடிகிறது.

நாங்கள் இருவரும் ஒரே கூடத்தில் தார்க் குச்சியில் நூல் சுற்றியவர்கள். நான் முதலாளி ஆனேன். அவர் என்னிடம் மேஸ்திரி ஆனார். இருபத்துநாலு தறி ஓடும் இரைச்சலில், எந்தத் தறி சரியில்லை என்று காதாலேயே சொல்வார். யாருக்கு வரும் அந்தக் காது! ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவர் தறியையும் தானே ஓட்டி, கூலியை அவர் பெயரில் எழுதச் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு நான் என்ன செய்தேன்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதலாளிமார் குடும்பங்களுக்காக இதே மண்டபத்தில் மருத்துவ முகாம் வைத்தோம். நாற்காலி போட வந்தவர் சென்றாயன். வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்து நர்ஸம்மா அவர் கையிலும் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். நூற்றுத் தொண்ணூறு!

"ஏனுங்க சிஸ்டர், மெசினு ரிப்பேருங்களா? ரேசன் அரிசி திங்கற ஒல்லி ஒடம்புல பிரஷரு எங்கீங்க வரும்? அதெல்லாம் எங்களையாட்டத் தின்னு கொழுத்தவனுக்குங்க" என்றேன். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடுத்து என் முறை. அதே மெசின் எனக்கு நூற்று அறுபது காட்டியது. ரிப்பேர் என்று நான் சொல்லவில்லையே! அன்று மாலையே காரில் ஈரோட்டுக்கு டாக்டரைப் பார்க்கப் போனேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். ஆனால் காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். "மாசத்துக்கு அரை நாளு உடுங்கண்ணா, வாங்கிட்டு ஓடியாந்தர்றேன்" என்று சென்றாயன் கேட்டார்.

"நீ போனா அத்தனை தறியும் நிக்குமப்பா. ஒரு டீயக் குடி, செரியாப் போயிரும்" என்றேன்.

இரண்டு மாதம் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். அப்புறம் மாத்திரையை விட்டுவிட்டார்.

எனக்கும் அதே நோய்தான். நான் மைக் முன்னால் நிற்கிறேன். என் வசதி நோயைத் தடுக்கவில்லை, மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். சொல்லவே நாக்கூசுகிறது.

நேற்று ஒரு கவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். சௌந்திரம் அம்மா தொடவில்லை. "அவரு பணமுங்களா கேட்டாரு? அரை நாளுதானுங்களே. உசுரோட இருக்கறவங்களுக்காவது குடுங்க."

நாற்பது வயதுக்கு மேலானவர்களுக்கு அரை நாள் என்று நான் ஆரம்பித்தேன். வியாபாரப் புத்தி!

"அவருக்கு முப்பத்தஞ்சுலயே தலை சுத்துச்சுங்க. முப்பதுன்னு போடுங்க" என்றார்.

சென்றாயா, உன் பணியைத் தொடர்வேன் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பேசி முடித்ததை மட்டும் சபையறியச் சொல்கிறேன். என் கூடத்தில் முப்பது வயது நிறைந்த ஆண், பெண் எல்லோருக்கும் மாதம் ஒரு காலை, ஆஸ்பத்திரிக்கு அரை நாள். கூலி பிடிப்பதில்லை. இனி வரும் மேஸ்திரிக்கும் சேர்த்து.