கதவு என்று எழுதியிருந்த படம்

ஹலோ... ஹலோ, அண்ணா? மிரான்தான். இன்னும் சியோல்லதான், ஆபீஸ்ல... தேடிக்கிட்டேதான் இருக்கேன்ணா...

ம்... ம்... வெள்ளைச் சாமந்தியெல்லாம் வச்சாச்சா? நடுவுல படச் சட்டம் மட்டும் காலியா... தெரியும்ணா. அம்மாவக் கும்பிட வர்றவங்க காலிச் சட்டத்தையா கும்பிடுவாங்க...

அத எங்க போய்த் தேடறது? பட்டு ஹன்பொக் கட்டிக்கிட்டு, தன் சாவுக்குன்னு அம்மாவே முன்கூட்டி எடுத்து வச்ச படம். பீரோவுல துணியோட துணியா இருந்துச்சு. காட்டுத் தீ வீட்டையே விடல, அத விடுமா...

இல்ல, என் போன்லயும் இல்ல. போனைத் தூக்கினாலே கையால மூஞ்சிய மூடிப்பாங்க, உனக்குத் தெரியாதா... ஆமா... ஆமா, அந்த வீட்டையே நாலாயிரம் படம் எடுத்தேன். திட்டு...

ஏன் ஒண்ணுலயும் அம்மா இல்லன்னா... அது எங்க ஆபீஸ்ல பழைய வீட்டு முகப்ப மட்டும் கத்துக்கிற கம்ப்யூட்டர்ணா. எது தூண், எது கதவு, எது ஓடுன்னு அதுக்குக் காட்டணும். முன்னாடி ஆள் நின்னா குழம்பிடும். அதான் நான்... 'அம்மா, தள்ளிப் போங்க. அம்மா, உள்ள போங்க'ன்னு. மூணு நாளும். அவங்க வாசல்லேர்ந்து அவங்களையே விரட்டினேன்ணா.

...இல்ல, அழல. சொல்லு... அடையாள அட்டையா? அது இருபத்தஞ்சு வருஷப் பழசு, நகம் அளவு படம்...

இரு. கட் பண்ணாத. கம்ப்யூட்டர் சந்தேகம்னு ஒதுக்கி வச்ச படம் கொஞ்சம் கிடக்கு... நாய்... கிம்சி ஜாடி... மறுபடியும் நாய்...

அண்ணா.

இருக்காங்க... நிஜமாத்தான். காகிதக் கதவ லேசாத் தள்ளிட்டு எட்டிப் பாக்கறாங்க. மூஞ்சி முழுசாத் தெரியுது, மூடல... ஆமா, அந்தப் பச்சை ஸ்வெட்டர்... கம்ப்யூட்டர் சுத்தி கோடு போட்டு 'கதவு'ன்னு எழுதியிருக்கு. அம்மாவையும் சேத்து...

அழிச்சிடறேன், கோட்ட அழிச்சிட்டுத்தான் அனுப்புவேன்... ம்... பெரிசு பண்ணலாம், தெளிவா இருக்கு... வாயா? ஆமா, கொஞ்சம் திறந்திருக்கு. பேசிக்கிட்டிருக்காங்க...

தெரியும்ணா. என்ன கேட்டாங்கன்னு தெரியும். 'மிரான், முடிஞ்சுதா, வெளிய வரலாமா'ன்னாங்க.

நான்... கேமராவுலேர்ந்து கண்ணக்கூட எடுக்கல. 'இன்னும் இல்லம்மா, கதவ மூடுங்க'ன்னேன்.

...கோட்ட அழிச்சாச்சுண்ணா.

...ம். சரி... சரிண்ணா, வை. அனுப்பிட்டேன்.