கருவாயனின் நெஞ்சுப் படம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, டாக்டர் வரலட்சுமி அவர்களே, நாயைத் தூக்கிக்கொண்டும் மாட்டை ஓட்டிக்கொண்டும் நரசிம்மலு ஐயாவிடம் ஓடிய பீளமேட்டு மக்களே, வணக்கம். நான் செவ்வந்தி, எட்டாம் வகுப்பு. இந்த இரங்கல் கூட்டத்தில் நான் பேசுவது அம்மாவுக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

கால்நடை மருத்துவர் நரசிம்மலு ஐயா இறந்துவிட்டார் என்கிறார்கள். எப்படி நம்புவது? போன வாரம்தானே என் நாய் கருவாயனைக் குனிந்து பார்த்தார்!

மில் வேன் இடித்ததிலிருந்து கருவாயன் படுப்பதே இல்லை. உட்கார்ந்தபடியே வயிறு குலுங்க மூச்சு வாங்குகிறான். மேலே காயமில்லை. சளி என்று ஒருவர் ஊசி போட்டார். ஐயாதான் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "இதென்ன அம்மணி, நெஞ்சுக்குள்ள குடல் உருள்ற சத்தம் கேக்குது!" என்றார்.

நாய்க்கு எக்ஸ்ரே எங்கே எடுப்பது? மனிதர்களுக்கு எடுக்கும் இஸ்மத் அண்ணனிடமே அழைத்துப் போனார்!

"ஏனுங்க டாக்டர், நாயை ஏத்துன மேசைல நாளைக்கு யாருங்க ஏறுவாங்க?"

"உம்பட மாமியாரையே ஏத்துறயே! அவிங்களுக்கு இவன் எவ்வளவோ சாதுப்பா."

சிரித்துக்கொண்டே இஸ்மத் அண்ணன் கருவாயனை மல்லாத்தப் போனார். "வேண்டாம்! நுரையீரல் அமுங்கி மூச்சு நின்னுபோயிரும். நிக்க வெச்சே எடு" என்று ஐயா பதறினார். குடலைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் பேரியம் என்ற மருந்தைப் புகட்டி இன்னொரு படமும் எடுத்தார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் கோடு ஒரு பக்கம் காணவில்லை. வயிற்றில் இருக்க வேண்டிய வெள்ளைக் குடல், இதயத்தின் அருகே வளைந்து கிடந்தது.

"கிழிஞ்ச வழியா குடல் மேல ஏறிருச்சு அம்மணி. தெச்சா பொழைச்சுக்குவான்."

புதன்கிழமை ஆபரேஷன் என்றார். செவ்வாய்க்கிழமை ஐயாவின் இதயம் நின்றுவிட்டது.

இனி யார் தைப்பது? ஐயாவோடு வேலை பார்த்த வரலட்சுமி டாக்டரிடம் கேட்டேன். "நான் தனியாத் தெச்சதில்லை கண்ணு. வயித்தைத் தொறந்ததும் நாயால மூச்சு விட முடியாது. வாயில குழாய் மாட்டி, ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காத்துக் குடுக்கோணும். அவரு தெப்பாரு, நான் அமுக்குவேன். இப்ப யாரு இருக்கா?" என்றார்.

"வலியில்லாமப் போறதுக்கு ஊசி போட்டுரலாம்" என்கிறார் அம்மா. கருவாயனோ உட்கார்ந்தபடியே கண் அசந்து சரிகிறான். மூச்சு முட்டித் துள்ளி எழுகிறான். ஒவ்வொரு முறையும் எழுவானா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எப்போது தொடர்வீர்கள்? கருவாயன் போன பிறகா? டாக்டரம்மா, நீங்கள் தையுங்கள். பையை நான் அமுக்குகிறேன். என் கை வலிக்கும். ஆனால் நிறுத்த மாட்டேன். நரசிம்மலு ஐயாவின் பெயரால் இதுவே என் உறுதி.