மூன்றாவது தெருவுக்கு மைக் கிடையாது

ஐஸ் தண்ணீர் வேண்டாம் ஐயா, சாதாரணத் தண்ணீர் போதும். இருபத்திரண்டு வருடமாக மைக் பிடிக்கிறவன் நான். தொண்டை கெட்டுவிடும் என்று ஒரு கல்யாண வீட்டில்கூட ஐஸ்கிரீம் தொட்டதில்லை. நீங்கள் பேப்பரை எடுத்து வையுங்கள். அவசரமில்லாமல் சொல்கிறேன். எழுதுகிறவருக்குக் கை வலிக்காத வேகத்தில் பேசுவது என் தொழில்.

நகராட்சி அறிவிப்பு வண்டியை ஓட்டுவதும் நான்தான், பேசுவதும் நான்தான். கூரையில் முன்னும் பின்னுமாக இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், பக்கத்து இருக்கையில் அதற்கான பெட்டி, ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மைக். தண்ணீர் வராத நாள், தடுப்பூசி நாள், காணாமல் போன பெரியவர், எல்லாம் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். தெரு முனையில் நிறுத்தி, ஒரு வரி சொல்லி, எதிரொலி அடங்கிய பிறகுதான் அடுத்த வரி. தடுப்பூசிக்குக் கூட்டம் வந்தது என்றால் அதில் பாதி என் குரலுக்கு வந்த கூட்டம். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அதில் என்ன தப்பு?

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்றாவது தெருக்காரர்கள் என்மேல் மனு கொடுத்தார்கள். எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊருக்கே வாத்தியார். அலுவலகத்தில் அதை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார்கள். 'தகரத்தில் ஆணியால் கீறுவது போன்ற குரல்' என்று ஒரு வரி இருந்தது. குமாஸ்தா கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது தெரிந்தது. கீழே வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்தோரு கையெழுத்து. ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தத் தெருவில் வழி தெரியாமல் போன ஒரு பெரியவரை மூன்று மணி நேரம் தொண்டை கிழியக் கத்திக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டுக் கையெழுத்தும் அதில் இருந்தது.

அடுத்த வாரம் முத்திரையோடு ஆணை வந்தது. மூன்றாவது தெருவுக்குள் எக்காரணம் கொண்டும் ஒலிபெருக்கியை இயக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் என்ற சொல்லுக்குக் கீழே நீங்கள் கோடு போட்டுக்கொள்ளலாம். நான் போட்டிருக்கிறேன். அந்தத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஸ்டியரிங்குக்கு எதிரில் ஒட்டி வைத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மனைவிக்கு என்மேல் பாசம் உண்டு, ஆனால் தொழில் புரியாது. "ஒரு தெருதானேய்யா, போனாப் போகுது. மிச்ச ஊரு முழுக்க உன் ராஜ்ஜியம்தானே" என்றாள். போனால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. மற்ற தெருவில் பேசும்போதும் அந்த நாற்பத்தோரு பேர் காதைப் பொத்திக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. எனக்குப் பேசவே கூச்சமாகிவிட்டது, ஐயா. குளிக்கும்போதுகூட வாய்விட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. போனில் வருகிற புரளிக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. பிளாஸ்டிக் முட்டை என்றார்கள், ஊசி போட்ட தர்ப்பூசணி என்றார்கள், எதுவும் உண்மையில்லை. அதனால் அன்று காலையில் பாக்கெட் கொத்துக்கறியில் விஷம் என்று செய்தி ஓடியபோது ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். மறுநாள் விடுமுறை என்பதால் கடையில் அந்தப் பாக்கெட் வழக்கத்தைவிட அதிகமாகப் போயிருந்தது.

மூன்றரை மணிக்குச் சுகாதார ஆய்வாளர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். இந்த முறை செய்தி உண்மை. கறி ஆலையில் ஏதோ மருந்து கலந்துவிட்டது, வேறு ஊரில் இரண்டு பேர் போய்விட்டார்கள், எவ்வளவு வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. விஷம் கலந்த பாக்கெட்டுகளின் எண் எழுதிய தாளை என் கையில் திணித்தார். "ஒரு தெரு விடாதய்யா. சாயந்தரம் அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள எல்லார் காதுலயும் விழுந்தாகணும். போன்ல சொன்னா எவன் நம்புறான், உன் வண்டி வந்தாத்தான் நம்புவான்" என்றார்.

ஒரு தெரு விடாதே என்று அவர் சொன்னது உண்மைதான். மூன்றாவது தெருவுக்கு ஆணை இருக்கிறதே, என்ன செய்ய என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அதைக் கிழித்துப் போடு என்றிருப்பார். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

அன்று என் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முதல் தெருவில் நான் வாய் திறந்ததும் வீட்டுக்குள் தொலைக்காட்சிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி பாதி வெந்த கறிச்சட்டியோடு வாசலுக்கு ஓடிவந்து, "இதுவாண்ணா, இதுவான்னு பாருங்கண்ணா" என்று பாக்கெட்டை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். பாக்கெட்டில் இருந்த எண்ணைத் தாளோடு ஒத்துப் பார்த்து, இதுதான் என்றேன். சட்டியை அப்படியே சாக்கடையில் கொட்டினாள். ஆட்கள் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள். ஊர் என் பேச்சுக்கு அப்படிக் காத்துக்கிடந்ததை நான் பார்த்ததே இல்லை.

கடைத்தெருவில் சிலர் கறிக்கடைக்காரரின் கடையில் கல்லெறியத் தொடங்கினார்கள். பாவம், அவர் விற்பது அன்றன்றைக்கு வெட்டுகிற கறி, பாக்கெட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. நெற்றியில் ரத்தத்தோடு ஓடிவந்து என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பாக்கெட் கறி மட்டும்தான்னு சொல்லுங்கண்ணே. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறானுங்க." வண்டியை நிறுத்தி, அந்த ஒரு வரியை ஐந்து முறை சொன்னேன். மூன்றாவது முறையிலேயே கல்லைக் கீழே போட்டுவிட்டார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனிதர்கள்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது.

இரண்டாவது தெரு முடிகிற இடத்தில் சத்தத்தைக் குறைத்தேன். அடுத்த தெருவில் கேட்டுவிடும் அல்லவா? ஆணை என்றால் அதை அரைகுறையாக மதிக்கக் கூடாது. நான்காவது தெருவுக்கு மூன்றாவது தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். மைக்கை அணைத்துவிட்டு உள்ளே திரும்பினேன். வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஓட்டினேன். குழாய் இரண்டும் கூரையில் சும்மா இருந்தன. வாத்தியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு மூன்று வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. யாரும் என்னை நிறுத்தி எதுவும் கேட்கவில்லை. நான்காவது தெருவில் திரும்பி, மூன்றாவது தெருவுக்குக் கேட்காத தூரம் போனதும் மைக்கைப் போட்டு முழுச் சத்தத்தில் சொன்னேன். ஐந்து, ஆறு, குளக்கரை, எல்லா இடத்துக்கும் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகவில்லை.

மீதியெல்லாம் உங்கள் விசாரணைக் கோப்பிலேயே இருக்கிறது. ஏழு வீடு, பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரியில், நான்கு பேர் திரும்பவில்லை. ஊர் முழுக்க அந்த ஒரு தெருவில் மட்டும். வாத்தியார் அன்று போனில் தெருக்காரர்களுக்கு எழுதியதை நீங்கள் காட்டினீர்கள். 'அறிவிப்பு வண்டி இப்போதுதான் நம் தெரு வழியாகப் போயிற்று. ஒரு வார்த்தை சொல்லவில்லை. விஷயம் உண்மையாக இருந்தால் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு போகிறவர் அல்ல. வதந்தியை நம்ப வேண்டாம்.' அதை இரண்டு முறை வாசித்தேன். அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் கறி சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு முன்பே வைத்தியர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். போனது அவர் மகனும் பேத்தியும். பேத்திக்கு ஆறு வயது என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் கேட்டால் நான் என்ன சொல்வேன்? கறியில் விஷத்தைக் கலந்தது நானா? அதை விற்றது நானா? சமைத்தது நானா? வாயைத் திறக்காதே என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள், திறக்கவில்லை. எந்த நீதிமன்றத்துக்கு வேண்டுமானாலும் அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.

மனைவி மட்டும் வேறு மாதிரி கேட்டாள். சனிக்கிழமை காலை, செய்தி வந்த பிறகு, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். "மைக் போடக் கூடாதுன்னா எறங்கி நடந்து போய் வாயால சொல்லியிருக்கலாமேய்யா. நாப்பத்தோரு வீடுதானே." நாற்பத்தோரு வீட்டு வாசலில் நின்று, என் குரலை வேண்டாம் என்றவர்களிடம், தயவுசெய்து கேளுங்கள் என்று நான் கெஞ்ச வேண்டுமாம். மதியமே அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஒரு இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா. யாரும் என்னை நிறுத்திக் கேட்கவில்லை என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் வாத்தியாரின் மருமகள் கண் விழித்துவிட்டாள், பேசுகிறாள் என்று நீங்கள் இப்போது சொன்ன பிறகு அதை அப்படியே விடுவது சரியில்லை. அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். இல்லாவிட்டால் நாளைக்குச் சொல்வாள்.

தெரு திரும்புகிற இடத்தில் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பேத்தி. பேத்தி என்றால் வாத்தியாருக்குப் பேத்தி, அவளுக்கு மகள். கை காட்டி வண்டியை நிறுத்தினாள். "அண்ணா, அந்தத் தெருவுல என்னமோ சொல்லிட்டிருந்தீங்களே, சரியாக் கேக்கல. இந்தக் கறி பாக்கெட்டப் பத்தி போன்ல வருதே, அதா? வாங்கிட்டு வந்துட்டேன், அதான் பயமா இருக்கு" என்றாள். பையைத் திறந்தும் காட்டினாள். எண் மேலாகவே தெரிந்தது. தாள் என் மடியில்தான் இருந்தது.

"எங்க மாமா மனு குடுத்தத மனசுல வச்சுக்காதீங்கண்ணா. உங்க குரல் எனக்குப் புடிக்கும். பாப்பாகூட உங்கள மாதிரியே சொல்லிக் காட்டுவா" என்றாள். அந்தக் குழந்தை உடனே வாயில் கையைக் குவித்து, பொதுமக்களின் கனிவான கவனத்துக்கு, என்று ராகம் போட்டது. என் ராகம்தான், அச்சு அசலாக.

நான் அவளிடம் பொய் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் இந்த வாயால் ஒரு பொய்யான அறிவிப்பு வந்ததில்லை, அன்றும் வரவில்லை. நான் அவளிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். "அப்படி ஏதாவது இருந்தா நான் சொல்லாம போவேனாம்மா?"