குதிரைக்காக அழுததாகச் சொன்னவள்

ஊரில் சண்டை முடிந்துவிட்டதாகச் செய்தி வந்த கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் விபோர்க் நகரத்து பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். இளையவள் முதியோர் இல்லப் பணியாளர் சட்டை போட்டிருந்தாள்.

“நான் குதிரைக்குத்தான் அழுதனெண்டு சொல்லிப்போட்டன், அக்கா.”

“எந்தக் குதிரை?”

“இண்டைக்கு எங்கட வயசாளிகளைக் குதிரைவண்டிப் போட்டி பாக்க ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனம். கரையெல்லாம் பச்சைப்பசேலெண்டு கிடந்தது. தண்ணிக்குள்ளாலை வண்டி இழுக்கேக்கை ஒரு குதிரை விழுந்துட்டுது. உடனை எழும்பீட்டுது, எல்லாரும் கைதட்டிச்சினம். எனக்கு அழுகையை அடக்கேலாமல் போச்சு. ‘குதிரைக்கு ஒண்டுமில்லை, அழாதை’ எண்டு ஒரு மனுசி என்ரை கையைப் பிடிச்சா.”

மற்றவள் குரலைத் தாழ்த்தினாள். “என்ன நடந்தது, பிள்ளை?”

“காலமை போன் வந்தது. தம்பி வன்னியிலை செல் குண்டு பட்டுச் செத்துப்போனான்.”

“பிறகேன் வேலைக்குப் போனனி?”

“வீட்டிலை அம்மா இருக்கிறா. அவவின்ரை முகத்தைப் பாக்கப் பயமாயிருந்துது. இப்ப போய்த்தான் சொல்லோணும்.”

தான் இறங்கும் தரிப்பிடம் வந்ததும் இளையவள் எழும்பினாள். மற்றவளும் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

“உங்கட இடம் இன்னும் வரேல்லையே, அக்கா.”

“தெரியும். நட, நானும் வாறன்.”