மூன்றாவது இழுப்பு

இந்த மேசையின் இடது கால் குட்டையாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். லிஃப்ட் பழுதுபார்ப்பவன் நான். இருபத்தாறு வருடமாக எது ஆடினாலும் முதலில் என் கண்ணில்தான் படும்.

நடந்துகொண்டே பேசலாமா? ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவிலேயே மூன்று தடவை எழுந்துவிடுவேன். "கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்த மனுஷன்" என்பாள் என் மனைவி. பாறை ஏறும்போது மட்டும்தான் அந்த அரிப்பு அடங்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மற்றதெல்லாம் கிறுக்குத்தனமாகத் தெரியும்.

நாங்கள் நாலு பேர். பல் டாக்டர், கணக்கு வாத்தியாரான நெட்டை, நான், என் மச்சினன். அவன் என் மனைவிக்கு ஒரே தம்பி. நல்ல பையன். அதை யார் கேட்டாலும் சொல்வேன். அந்தச் செங்குத்துப் பாறையோடு ஒன்பது வருடமாக மல்லுக்கட்டினோம். ஆறு கயிறு உயரம். மூன்று தடவை ஏறி, மூன்று தடவையும் உச்சியைத் தொடாமலே இறங்கினோம்.

ஐந்தாவது கயிற்றில் பாறை தொந்தி மாதிரி வெளியே தள்ளி நிற்கும். ஏறுகிறவன் அதைத் தாண்டிவிட்டால் கீழே கயிறு பிடிக்கிறவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். காற்றில் குரலும் கேட்காது. அதனால் கயிற்றை இழுத்துத்தான் பேசிக்கொள்வோம். இரண்டு இழுப்பு என்றால், கயிறு விடு. மூன்று இழுப்பு என்றால், நான் பாறையில் என்னைக் கட்டிக்கொண்டேன், நீ பிடியை விடலாம். மூன்று வந்தால்தான் கீழே இருப்பவன் தன் இடுப்பில் மாட்டிய, கயிற்றைத் தாங்கும் பிடியிலிருந்து அதைக் கழற்ற வேண்டும். நெட்டை வகுத்த சட்டம் இது. ஒன்பது வருடத்தில் ஒருவரும் மீறியதில்லை.

அன்று காலை டாக்டரும் நெட்டையும் முதல் ஜோடியாக உச்சிக்குப் போய்விட்டார்கள். நானும் மச்சினனும் ஐந்தாவது கயிற்றுக்குக் கீழே, ஒரு கட்டில் அகலத் திட்டில் நின்றோம். அவன் ஷூவை இறுக்கிக்கொண்டே பேச்செடுத்தான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்க வலது கை நடுங்குது. கீழ முடிச்சுப் போடறப்ப பாத்தேன். அக்காவும் பாத்திருக்கு."

"இந்தக் குளிர்ல யாருக்குத்தான் நடுங்காது?"

"வீட்ல காபி குடிக்கறப்பவும் குளிருதா?" என்று சிரித்தான். "இதோட போதும் மாமா. மேல போனதும் அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நானே பேசிடறேன். உங்களுக்குச் சங்கடம் வேணாம்."

"இப்ப மட்டும் இந்தக் கையை நம்பி ஏறுவியா?"

"நீங்க பிடிச்சா எனக்கு என்ன பயம்?"

எனக்குக் கோபம் வரவில்லை, சார். பயம்தான் வந்தது. இனி வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சோபா, டிவி, ஜன்னல், மறுபடி சோபா. "சரி மாப்ள, ஏறு" என்றேன்.

அரை மணி நேரம். திட்டில் இரண்டடிதான் நடக்க முடியும். நடந்தேன், திரும்பினேன், நடந்தேன். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. அவன் ஏறுவது ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்பது போலிருந்தது. அவன் உச்சிக்குப் போகவில்லை, என் வீட்டுச் சோபாவை இழுத்துக்கொண்டு வரப் போகிறான் என்று தோன்றியது. பிறகு கயிற்றில் ஒரு இழுப்பு. இன்னொன்று.

மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். அதில் நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். வரவில்லை.

தொந்திக்கு மேலே அந்தக் கடைசி விளிம்பில் எங்களில் வழுக்காதவர் கிடையாது. வழுக்கினால் ஒரு ஆள் உயரம் விழுவோம், கயிறு தாங்கும், திட்டிக்கொண்டு மறுபடி ஏறுவோம். நான் கயிற்றைப் பிடியிலிருந்து கழற்றினேன். வலது கையால். அது துளிகூட நடுங்கவில்லை. திட்டின் உள்பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டேன்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. காலடியில் சுருண்டு கிடந்த மிச்சக் கயிறு மொத்தமும் ஓடியது. அவன் நான் நின்ற திட்டிலேயே வந்து விழுந்தான். ஐந்து நிமிடம் போல உயிர் இருந்தது.

"மாமா... மூணு தடவையா இழுத்துட்டேன்?"

"ஆமா மாப்ள. மூணு."

"என் தப்புதான்" என்றான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அழுதேன். அது நடிப்பில்லை.

எல்லோரும் நம்பினார்கள். காற்றில் கயிறு ஆடும்போது இரண்டு மூன்றாகத் தெரிவது உண்டுதான். நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் இதே அறையில் டாக்டர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அவருக்குக் கை மரத்துப்போற வியாதி இருக்கு, இழுப்பு சரியாத் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் மனைவி தம்பியைப் பறிகொடுத்தவள். அவளும், "பாவம் சார், அவர் கையில டம்ளர்கூட நிக்காது, தெரியாமத்தான் நடந்திருக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மச்சினன் மேலே போய்ச் சொல்லவிருந்ததை இவர்கள் ஊருக்கே சொல்லிவிட்டார்கள். அதை வைத்து நீங்களும் ஃபைலை மூடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாளாகத் தெருத்தெருவாக நடந்துவிட்டு இன்று நேராக இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு இழுப்பு. தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துதான் கழற்றினேன், அவன் சாவான் என்றும் தெரியும். கையில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேறு மேசை கொண்டுவரச் சொன்னதற்கு நன்றி, சார். நல்ல கனமான மேசை. கையெழுத்தை எங்கே போட வேண்டும்? இங்கேயா?

கொஞ்சம் பொறுங்கள். இதுவும் ஆடுகிறது.