கடைசி நாற்பது விநாடி

விமர்சனங்களை நான் இரண்டு தடவைக்கு மேல் படிப்பதில்லை. இதை மட்டும் பத்தொன்பது தடவை படித்துவிட்டேன், இன்ஸ்பெக்டர். வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாளுக்கும் வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா நான் போன ஸ்டாப்புலயே இறங்கியிருக்கணும்" என்றார். சிரிப்பு தாங்கவில்லை. இந்த வாரம் எனக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு வருகிறது.

எங்கள் நான்காவது ஆல்பத்துக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். 'ஈரத் தீக்குச்சிகள்' இசைக்குழுவின் முதல் மூன்று ஆல்பங்களுக்கும் இரண்டிரண்டுதான் கிடைத்தன. பாட்டு லாக்லன், டிரம்ஸ் ஷோனா, ஒலிப்பதிவு நான். கிளாஸ்கோவில் மூடிப்போன பிஸ்கட் தொழிற்சாலையின் மாடியில் பதினோரு வருடம். நான்காவதோடு கடையைக் கட்டுவதாக முடிவாகியிருந்தது. லாக்லன் மாமனாரின் டைல்ஸ் கடைக்குப் போகவிருந்தான்.

"இதாவது தேறுமா எய்லி? இல்ல, ரெண்டு ஸ்டாரோட போயி பாத்ரூம் டைல் விக்கவா?"

"ஒழுங்கா பாடு, தேறும்."

"நான் பாடுறேன். நீ ஒண்ணு விடாம பிடி, தாயே."

அந்த வார்த்தையை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும்போது பாடும் அறைக் கதவை யாரும் திறக்கக்கூடாது. அது லாக்லன் போட்ட சட்டம். ஒருமுறை தெரியாமல் நுழைந்த ஷோனாவிடம், "தீப்பிடிச்சாலும் வெளியவே நின்னு எரிடி" என்றான். அவள் ஒரு மாதம் அவனை 'மகாராஜா' என்றே கூப்பிட்டாள்.

அந்தச் செவ்வாய் மதியம் ஷோனா சிப்ஸ் வாங்கப் போயிருந்தாள். கடைசிப் பாட்டை ஏழாவது முறையாகப் பதிவு செய்துகொண்டிருந்தோம். லாக்லனுக்கு ஆஸ்துமா உண்டு. இன்ஹேலர் சட்டைப்பையில் கிடந்தால் மைக்கில் சத்தம் கேட்கும் என்று நான்தான் அதை வாங்கிப் பாடும் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் மேசையில் வைத்திருந்தேன். பாட்டு முடிந்தது. அவனுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. கையை அசைத்தான். உள்ளிருந்து கையசைத்தால், எங்கள் வழக்கத்தில், நிறுத்தாதே என்று அர்த்தம். நான் நிறுத்தவில்லை. கதவுக்கு இரண்டடி முன்னால் அவன் மண்டியிட்டான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போது நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்ததாகவும் நாடா தானாக ஓடிக்கொண்டிருந்ததாகவும் உங்களிடம் முன்பு சொன்னேன். அது சரியில்லை.

அவனுடைய கடைசி மூச்சும் ஆல்பத்தில் இருக்கட்டும் என்று அவன் மனைவி சம்மதித்தாள். ஷோனாதான் காதைப் பொத்திக்கொண்டாள். "எப்படிடி உன்னால இதைக் கேக்க முடியுது?"

"ஹெட்ஃபோன்லதான்" என்றேன்.

ஆல்பம் வெளியான அன்று இசைத்தட்டுக் கடை வாசலில், மழையில், வரிசை தெருமுனை திரும்பியது. நானும் போய் நின்றேன். முன்னால் நின்ற ஒரு பெண் தன் தோழியிடம், "அந்த மூச்சு வர்ற இடத்துல செத்தே போயிட்டேன்டி" என்றாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு நடக்கவில்லை, கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டே போனேன்.

இன்று நான் வந்தது ஒரு வரிக்காக. 'தற்செயல் தந்த பரிசு இந்தக் கடைசி நாற்பது விநாடி' என்று எழுதியிருக்கிறார் அந்த விமர்சகர். பத்திரிகைகளிடமும் நான் சொன்ன அந்தத் தேநீர்ப் பொய்யை அப்படியே நம்பிவிட்டார். மூச்சு மெலிய மெலிய, விரல் நுனியால் ஒலியளவை மயிரிழை மயிரிழையாக ஏற்றிக்கொண்டே போனேன். சட்டென்று ஏற்றினால் இரைச்சல் தட்டும். பதினோரு வருடப் பழக்கம் இல்லாமல் அது கைவராது. அதைப் போய்த் தற்செயல் என்கிறார். தயவுசெய்து இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கேட்டது கிடைத்துவிட்டது. டைல்ஸ் கடையில் யார் கொடுப்பார்கள் ஐந்து நட்சத்திரம்?

பாட்டு முடிந்த பிறகு நாடாவில் மொத்தம் ஆறு நிமிடம் இருக்கிறது. ஏன் நாற்பதாவது விநாடியில் வெட்டினாய் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, இதுவரை யாரும் கேட்டதில்லை. நாற்பத்தொன்றில் அவன், "எய்லி, கதவு" என்கிறான். தெளிவாகத்தான் இருக்கிறது. பாட்டோடு ஒட்டவில்லை.