மூன்றாம் மிதி

தாஹிர் பள்ளிவாசல்துறையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அழைத்தது மச்சான் நுஸ்கி, தங்கச்சி றுஷ்னாவின் புருசன். அவளைப் புத்தளம் கிளினிக்குக்குக் கூட்டிப்போக, விடியவே தாஹிரின் வேனை வாங்கிக்கொண்டு போனவன்.

"ஹலோ... ஓம் மச்சான், போய்ச் சேந்தீங்களா?... என்ன?... நில்லுங்க, மோட்டர நிப்பாட்டிட்டு வாறன், ஒண்டும் கேக்குதில்ல... ம், இப்ப சொல்லுங்க... பாலாவிச் சந்தியில... லொறிக்குப் பின்னுக்கு அடிச்சிட்டா... ம்... ம்..."

கேட்டுக்கொண்டே பாத்தி ஓரத்தில் குந்தினான். அல்லாஹ்வே என்று கத்தியிருக்க வேண்டும். கத்த வரவில்லை.

"றுஷ்னா?... ஒப்பரேசன் தியேட்டருக்குள்ளயா... ஓம், ஓம்... கால் மட்டுமா?... உங்களுக்கு?... சரி... அழாதீங்க மச்சான். ஒண்டு மட்டும் சொல்லுங்க. பிரேக்க எத்தன தரம் மிதிச்சீங்க?... ஒருக்கா... பெடல் அடி மட்டும் போச்சா?... ஓம். போகும்."

அதைச் சொன்ன குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. மூன்று மாதமாக அந்த வேன் மூன்றாம் மிதிக்குத்தான் நின்றது. முதலில் கீச்சென்றது. கடல் காற்று, துரு என்று தாஹிர் விட்டுவிட்டான். பிறகு இடப்பக்கம் இழுத்தது. பிறகு பெடல் பஞ்சானது. காலையில் பிரேக் ஒயில் ஊற்றுவான், பின்னேரம் குறைந்திருக்கும். இந்தப் பக்கத்தில் அதெல்லாம் ஒரு குறையா? நிற்காவிட்டால் ரோட்டோர மணலுக்குள் இறக்கிவிட்டால் வண்டி தானாக நிற்கும். சந்தியில் மணல் எங்கே இருக்கிறது? சாவியைக் கொடுத்தபோது 'டீசல் இருக்கு' என்று மட்டும் சொன்னான், மடையன்.

"இல்ல, லைன்லதான் இரிக்கன்... பொலிஸ் வந்திட்டா?... கவனமில்லாம ஓடினன் எண்டு எழுதியிரிக்கா... ஒப்பம் வெச்சீங்களா?... வெக்காதீங்க... இல்ல, உங்கட பிழ இல்ல... கேளுங்க மச்சான். நீங்க பிந்தி மிதிக்கல்ல. சரியாத்தான் மிதிச்சிரிக்கீங்க. அது ஒரு மிதிக்கு நிக்காது... ஓம்... ஓம், எனக்குத் தெரியும்... மூணு மாசம்... மறைக்கல்ல, சத்தியமா. குடுக்கக்குள்ள நெனப்பே வரல்ல, கால் பழகிப்போச்சு... அத அப்படியே எழுதச் சொல்லுங்க. நான் வந்து ஒப்பம் வெக்கிறன்... ஹலோ?... இரிக்கீங்களா?... என்ன?... 'இன்னொருக்கா, இன்னொருக்கா' எண்டு றுஷ்னா கத்தினாளா?... ம்... வெளங்கல்லயா உங்களுக்கு... ஓம். அவள் என்னோட வந்து, நான் மூணு தரம் மிதிக்கிறதப் பாத்திரிக்காள். உங்களுக்கும் நான் சொல்லியிருப்பன் எண்டு நெனச்சிருப்பாள்... மச்சான்?... ஹலோ?... ஹலோ?..."

நுஸ்கி அழைப்பை வெட்டிவிட்டான். தாஹிர் திருப்பி எடுக்கவில்லை. சேற்றுக் காலோடு பஸ் பிடிக்க ரோட்டுக்கு நடந்தான்.